மலையில் எழுதிவைத்த பெயர்கள்

வைப்பாற்றுச் சீமை: பகுதி 14

சித்திரை வெயிலில் திருவேங்கடத்துக்கு வெளியே எந்தப் புஞ்சையில் இறங்கினாலும் காலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். பருத்தி எடுத்து, மாரும் பிடுங்கியாகிவிட்ட கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் முழங்கை வரைக்கும் கை போகும். சிறு வயதில் அப்படி ஒரு வெடிப்பில் என் பம்பரம் விழுந்தது. கையை விட்டுத் துழாவினேன், கம்பை விட்டுக் கிளறினேன், கிடைக்கவில்லை. ஐப்பசியில் மழை பெய்து மண் ஊறிப் பருத்ததும் வெடிப்பே இல்லாமல் போனது. அந்தப் பம்பரம் இன்னமும் அங்கேதான் இருக்கும், ஆனால் எத்தனை அடி கீழே என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தச் சீமையின் வரலாற்றை எழுத உட்காரும்போதெல்லாம் அந்தப் பம்பரம் நினைவுக்கு வருகிறது.

கரிசல் மற்ற மண்ணைப் போல் சும்மா இருக்கிற மண் இல்லை. நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதிலுள்ள களியின் குணம் அது. சுருங்கும்போது மேல் மண்ணும் அதன் மேல் கிடந்த ஓடும் எலும்பும் வெடிப்புக்குள் உதிர்கின்றன. மழைக்குப் பிறகு அடிமண் உப்பி மேலே தள்ளுகிறது. வருஷம் தவறாமல், யாரும் ஏர் கட்டாமலேயே, நிலம் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிறது. மண்ணியல் அறிஞர்கள் இவ்வகை மண்ணுக்கு வைத்த பெயர் வெர்ட்டிசால். புரளுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கரிசல்காட்டில் வீடு கட்டியவர்களுக்கு லத்தீன் தேவையில்லை. அஸ்திவாரத்தைச் சுக்கான் தட்டுகிற வரை தோண்டாமல் சுவர் எழுப்பினால் நாலாவது மழைக்குள் மூலைக்கு மூலை கீறல் விழும் என்று எந்தக் கொத்தனாரும் சொல்வார்.

ஆக, இங்கே ஒரு காலத்தில் ஊர் இருந்து, மண்சுவரும் கூரையுமாக வீடுகள் இருந்து, அவை பாழாகியிருந்தால், அந்த ஊரின் சுவடு தேடி நாம் நடக்கிற தரையில் பெரும்பாலும் எதுவும் கண்ணில் படாது. ‘கரிசல்காட்டுக்கு ஏது சார் பழைய சரித்திரம், எல்லாம் பொட்டக்காடு’ என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். தாமிரபரணிக் கரைக்குத்தான் சரித்திரம், மதுரைக்குத்தான் சரித்திரம், நமக்குக் கம்பும் பருத்தியும் மட்டும்தான் என்பது இங்கே பலருடைய நம்பிக்கை. இந்தப் பகுதியை நான் எழுதுவது அந்த நம்பிக்கை தவறு என்று காட்டத்தான்.

திருவேங்கடத்தின் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு நாலு திசையையும் நினைத்துப் பாருங்கள். தெற்கே கழுகுமலை. தென்மேற்கே சங்கரன்கோவில். மேற்கே கரிவலம்வந்தநல்லூர், அதற்கும் அப்பால் நீலமாகத் தெரியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி. வடகிழக்கே வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை. 2019 நவம்பர் 22 முதல் திருவேங்கடம் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. கழுகுமலை தூத்துக்குடி மாவட்டம், வெம்பக்கோட்டை விருதுநகர் மாவட்டம். மூன்று மாவட்டங்கள் சந்திக்கிற ஓரம் என்பதால் எந்த மாவட்டத்து வரலாற்று நூலிலும் இந்த நிலம் கடைசி அத்தியாயமாகவே வருகிறது. மண்ணுக்கோ மாவட்ட எல்லை தெரியாது. கரிசலும் கண்மாயும் சேர்ந்த ஒரே நிலம்தான் இது, வைப்பாறும் அதில் வந்து சேரும் ஓடைகளும் வடித்த நிலம்.

ஊரின் பெயரே ஒரு வரலாற்றுத் துப்பு. வேங்கடம் தமிழ்நிலத்தின் வடக்கு எல்லை. இந்த ஊரோ தென்கோடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். விஜயநகர, நாயக்கர் காலங்களில் வடக்கிலிருந்து வந்து காடு திருத்திக் கரிசலை விளைநிலம் ஆக்கியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அந்த நடைப்பயணத்தின் நினைவை இடைசெவல் கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராமம்’ நாவலாக எழுதிவைத்தார். வந்தவர்கள் தங்கள் மலைத்தெய்வத்தின் பெயரையும் கூடக் கொண்டுவந்தார்கள் என்று எண்ண இடமிருக்கிறது. ஆனால் அவர்கள் வந்தபோது இது வெற்றுக்காடு இல்லை. அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இங்கே மனிதர்கள் இருந்தார்கள்.

இந்த இடத்தில் வெகுதூரத்திலுள்ள ஒரு நாட்டுப்புறத்தைச் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் மேயோ என்று ஒரு மாவட்டம். மழையும் காற்றும் ஓயாத, ஏழ்மைக்குப் பெயர்போன சீமை. அங்குள்ள நிலத்தின் மேல் பாசியும் புல்லும் மட்கிப் பல அடி கனத்துக்குப் படிந்திருக்கின்றன. அந்த மக்கள் அதைச் செங்கல் செங்கலாக வெட்டி, காயவைத்து, அடுப்பெரிப்பார்கள். 1930களில் பேட்ரிக் கோல்ஃபீல்டு என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர், எரிபொருள் வெட்டுகிற இடத்தில் அடியில் கற்கள் வரிசையாக அடுக்கியிருப்பதைக் கவனித்தார். தானே விழுந்த கற்களாக இருந்தால் இப்படி வரிசை பிடிக்காது என்று அவருக்குத் தோன்றியது. பின்னாளில் அவருடைய மகன் ஷேமஸ் கோல்ஃபீல்டு தொல்லியல் படித்துவிட்டு வந்து, நீண்ட இரும்புக் கம்பியை ஊரெங்கும் குத்திப் பார்த்தார். கம்பி கல்லில் தட்டுகிற இடங்களைப் புள்ளிவைத்து இணைத்தபோது, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயல் வரப்புகள் மைல் கணக்கில் நீள்வது தெரிந்தது. கற்கால உழவர்கள் போட்ட வேலி, போட்டபடியே இருந்தது. அந்த ஈரமண் எதையும் அசைக்காமல் போர்த்தி வைத்துக்கொள்ளும்.

நம் கரிசல் நேர்மாறு. மேயோவின் மண் தூங்குகிற மண், நம்முடையது புரண்டு படுக்கிற மண். வரிசையான வரப்பு எதுவும் இங்கே வரிசையாக மிஞ்சாது. அதனால் தேடுகிற இடத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். மேடுகளில் தேட வேண்டும், மலையடியில் தேட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாறையில் தேட வேண்டும்.

மேட்டுக்கு வெம்பக்கோட்டைதான் சாட்சி. அங்கே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றை ஒட்டி, சுமார் 25 ஏக்கர் பரப்பில் ஒரு மேடு. ஊர்க்காரர்கள் அதை மேட்டுக்காடு என்றார்கள். சுற்றிலும் தட்டையான நிலத்தில் அது மட்டும் ஏன் உயர்ந்திருக்கிறது என்ற கேள்விக்கு 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியபோது விடை வந்தது. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வாழ்ந்து கழித்த மிச்சமே அங்கே மேடாகியிருக்கிறது. கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள், பிள்ளைகள் ஆடிய வட்டச்சில்லுகள், நூல் நூற்ற தக்களிகள், சிறு பொன் அணிகள், இவற்றோடு சங்கு வளையல்களும் அவற்றை அறுத்த சங்குத் துண்டுகளும் குவியலாகக் கிடைத்தன. உலோகம் அறியாத காலத்தின் நுண்கற்கருவிகளும் கிடைத்தன. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அகழாய்வு தொடர்ந்தது.

சங்குத் துண்டுகளை நான் பெரிதாக நினைக்கிறேன். கடல் அங்கிருந்து ஒரு நாள் நடைக்கும் எட்டாத தூரம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பவர் எடுத்த சங்கு, வைப்பாற்றங்கரை வழியே மேலேறி வந்து, இந்தக் கரிசல் மேட்டில் அறுபட்டு வளையலாகியிருக்கிறது. வளையலை மட்டும் வாங்கியிருந்தால் கழிவுத் துண்டுகள் கிடைக்க வழியில்லை. அறுத்ததே இங்கேதான் என்றால் இங்கே கைத்தொழில் இருந்தது, அதை வாங்கப் பெண்கள் இருந்தார்கள், விற்கச் சந்தை இருந்தது. தக்களியைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். இன்றைக்கும் பருத்தி விளைகிற நிலத்தில் அன்றைக்கும் நூல் நூற்றிருக்கிறார்கள்.

மலையடிக்கு வந்தால் திருமலாபுரம். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் வாசகர்கள் சிலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். பெயர் ஒன்று, ஊர் இரண்டு. சங்கரன்கோவிலிலிருந்து கடையநல்லூர் போகிற பக்கம் இருக்கும் திருமலாபுரம் பாண்டியர் காலக் குடைவரைக்கும், அதன் கூரையில் மங்கி மிஞ்சியிருக்கும் ஓவியங்களுக்கும் பெயர்பெற்றது. சிவகிரி வட்டத்துத் திருமலாபுரம் வேறு. இரண்டாவதில்தான் 2024இல் தொல்லியல் துறை அகழாய்வு செய்து, இரும்புக்காலத்து இடுகாட்டைக் கண்டது. கற்பலகைகளைச் செங்குத்தாக நட்டுச் செவ்வகமாக அறை அமைத்து, உள்ளே கூழாங்கல் நிரப்பி, அதற்குள் முதுமக்கள் தாழிகளை வைத்திருக்கிறார்கள். 35 பலகைகள். கறுப்பு சிவப்புப் பானைகளில் வெள்ளைக் கோட்டுச் சித்திரங்களும் இருந்தன. இறந்தவர்களுக்கு இவ்வளவு உழைப்பைக் கொட்டியவர்கள், தாங்கள் வாழ்ந்த வீட்டைக் கல்லால் கட்டவில்லை. அதனால்தான் அவர்களுடைய சாவு நமக்குத் தெரிகிறது, வாழ்வு தெரியவில்லை.

மலையடிவாரத்துக் குடைவரைகளை இந்தத் தொடரில் பிறகு தனியாகவே எழுத வேண்டும். புளியங்குடிப் பக்கம் மலையடிக்குறிச்சியில், பாண்டியன் மாறன் சேந்தனின் 17ஆம் ஆட்சியாண்டைச் சொல்லும் வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. பாண்டிநாட்டுக் குடைவரைகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. வீரசிகாமணியிலும் ஒரு குடைவரை உண்டு. இப்போதைக்கு இவ்வளவு போதும், ஏனென்றால் மனம் கழுகுமலையிலேயே நிற்கிறது.

திருவேங்கடத்திலிருந்து தெற்கே போகும்போது, தட்டைக் கரிசலிலிருந்து திடீரென்று எழும்பி நிற்கும் அந்தப் பாறை வெகு தொலைவிலேயே கண்ணில் படும். கல்வெட்டுகளில் அந்த மலைக்கு அரைமலை என்று பெயர், ஊருக்கு நெச்சுரம். அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில். அந்த முருகனைப் பாடித்தான், சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்துக்குத் தமிழில் நிலையான இடம் தேடித்தந்தார். 1891இல், முப்பது வயதைத் தொடுமுன் அவர் இறந்துபோனார். அந்தச் சிந்தின் தாளம் இன்னும் நம் கோயில் திருவிழாக்களில் நடந்துகொண்டிருக்கிறது.

மலை ஏறுகிறவர்கள் முதலில் போவது வெட்டுவான் கோயிலுக்கு. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. பாறையின் உச்சியில் மூன்று பக்கமும் சுமார் 25 அடி ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, நடுவில் நிறுத்திய ஒற்றைக் கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே முறையில் எழுந்தது. இது அளவில் சிறியது, நயத்தில் குறைந்ததன்று. விமானத்தில் உமையோடு அமர்ந்த சிவன், நரசிம்மர், பிரமன், பூதகணங்கள். தென்புறத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். மௌனத்தால் போதிப்பவராக எங்கும் காணும் கடவுளின் மடியில் இங்கே ஒரு தோற்கருவி. விரல்கள் தோலைத் தொடுகிற இடத்தைப் பாருங்கள், அடிக்கிற விரலும் அணைக்கிற விரலும் வேறுவேறாகத் தெரியும். செய்த சிற்பிக்கு மிருதங்கக்காரர் ஒருவரை நெருங்கிப் பழக்கம் இருந்திருக்க வேண்டும்.

கோபுரப்பகுதி முடிந்திருக்கிறது, கீழ்ப்பகுதி முடியவில்லை. உளி பட்ட கோடுகள் அப்படியே நிற்கின்றன. ஏன் நின்றுபோனது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. மேலே அப்பன் சிற்பியும் மகன் சிற்பியும் போட்டியாக வேலை செய்தார்களாம். மகனின் வேலை முந்திவிட, பொறாமையிலோ ஆத்திரத்திலோ அப்பன் சுத்தியலை வீசினானாம். மகன் தலை விழுந்ததாம். இதே கதையைச் சில மாற்றங்களோடு இந்தியாவின் பல கோயில்களில் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை, ஆனால் அதைத் தள்ளிவிடவும் மனம் வருவதில்லை. முடியாத வேலையைப் பார்க்கும்போது மனிதனுக்கு ஏற்படுகிற துயரத்தை யாரோ கதையாக்கியிருக்கிறார்கள்.

பெரும்பாலோர் இங்கேயே படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இறங்க வேண்டாம். பாறையின் இன்னொரு பக்கம் அய்யனார் கோயிலை ஒட்டி நடங்கள். அங்கேதான் இந்தச் சீமையின் உண்மையான ஏடு திறந்து கிடக்கிறது.

பாறைமுகம் முழுவதும் சமணத் தீர்த்தங்கரர்கள். ஏறக்குறைய 150 உருவங்கள். பெரியவை சில: பாம்பு படம் விரித்துக் காக்கும் பார்சுவநாதர், கொடி சுற்றிக்கொண்ட பாகுபலி, சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் நிற்கும் அம்பிகை இயக்கி. மற்றவை வரிசை வரிசையாக, முக்குடைக்குக் கீழே அமர்ந்த சிறு உருவங்கள். ஒன்றைப் போலவே மற்றொன்று. முதல் தடவை பார்த்தபோது ஏன் ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பச் செதுக்கினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பலவற்றின் அடியிலும் வட்டெழுத்தில் சிறு கல்வெட்டு இருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி, அவ்வளவே செய்தி. சிலவற்றில் இன்னாரைச் சார்த்திச் செய்வித்தது என்று வரும், அதாவது வேறொருவர் பொருட்டு, அவர் நினைவாக. உருவங்கள் ஒன்றாகவே இருக்கின்றன, பெயர்கள் ஒவ்வொன்றும் வேறு.

செய்வித்தவர்கள் யார்? மன்னர்கள் இல்லை. உழவர், தச்சர், குயவர், கொல்லர், அவர்களுடைய ஆசிரியர்கள், அந்த ஆசிரியர்களின் மாணவர்கள். எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டிநாட்டின் ஒரு தச்சருடைய பெயரும் ஊரும் நமக்குத் தெரிய வேறு எங்கே வழி இருக்கிறது? அரசர்களின் செப்பேடுகளில் பெரும்பாலும் அரசர்களின் பாட்டன்மார் வரிசையே இருக்கும். இங்கே மரம் இழைத்தவரும் மண் குழைத்தவரும் தங்கள் பெயரைக் கல்லில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. சமண ஆசிரியரைக் குரவர் என்றும், ஆசிரியர் பெண்ணானால் குரத்தி என்றும் அக்காலம் அழைத்தது. கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் பலர் வருகிறார்கள்: திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார், சங்கக் குரத்திகள், நால்கூர்க் குரத்திகள். அவர்களுக்கு மாணாக்கியரும் இருந்தார்கள், மாணாக்கர்களும் இருந்தார்கள். பெண்ணிடம் பாடம் கேட்ட ஆண்கள், அதை மறைக்காமல், இன்ன குரத்திகளின் மாணாக்கன் நான் என்று கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, இந்தக் கரிசல்காட்டு நடுவில். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் புதிதாகவே இருக்கிறது. இது நம் பிள்ளைகள் பலருக்குப் போய்ச் சேரவில்லை என்பது ஆற்றாமையாகவும் இருக்கிறது.

ஊர்களைப் பாருங்கள். திருச்சாரணம் என்பது குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. கோட்டாறு இன்றைய நாகர்கோவிலில் இருக்கிறது. அங்கிருந்தெல்லாம் நடந்து இந்த மலைக்கு வந்திருக்கிறார்கள். நாம் ஒதுக்குப்புறம் என்று நினைக்கிற இடம் அன்றைக்குத் தென்பாண்டி நாடு முழுவதற்குமான கல்விக்கூடம். துறவியருக்கு உணவு அளிக்கவும், அவர்கள் சித்தாந்தம் விரித்துரைக்கவும் நிவந்தம் விட்ட செய்திகளும் இங்கே உண்டு. கூடவே போரும் எட்டிப்பார்க்கிறது. மாறஞ்சடையனின் 23ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, மலைநாட்டு ஆய் வேளான சடையன் கருநந்தனின் அரிவியூர்க் கோட்டையைப் பாண்டியர் அழித்ததையும், அந்தப் போரில் விழுந்த வீரர்களையும் சொல்கிறது. கொல்லாமையை உயிராகப் போற்றிய மலையிலேயே அந்த மரணச் செய்தியும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் சமணர்கள் கழுவேற்றப்பட்டார்கள், அதோடு பாண்டிநாட்டில் சமணம் முடிந்தது என்ற கதை நம்மிடையே அழுத்தமாகப் பரவியிருக்கிறது. கழுவேற்றம் நடந்ததா இல்லையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் முடிந்துபோனது என்பது உண்மையில்லை என்று இந்தப் பாறை சொல்கிறது. அந்தக் கதை நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகுதான் கழுகுமலைச் சமணப் பள்ளி தழைத்தது. அப்போது ஆண்ட பராந்தக நெடுஞ்சடையன், சீவரமங்கலச் செப்பேட்டில் பரம வைணவன் என்று புகழப்பட்டவன். வைணவ அரசன் ஆட்சியில், ஒரே மலையின் ஒரு புறம் சிவனுக்குக் கற்றளி, மறுபுறம் சமணருக்குத் திருமேனிகள். மேற்கே சிறிது தூரத்தில் அரன் பாதியும் அரி பாதியுமாகச் சங்கரநாராயணர் நிற்கும் சங்கரன்கோவிலுக்கு இது அந்நியமான மனநிலை இல்லை. சங்கன், பதுமன் என்ற இரு நாகர்கள் சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வாதிட, இறைவன் இரண்டும் ஓருருவாய்க் காட்சி தந்தார் என்பது அந்தக் கோயிலின் தலபுராணம். ஆடித்தபசுக்கு இன்றைக்கும் லட்சக்கணக்கில் கூடும் ஜனம் அங்கே நெற்றியில் இட்டுக்கொள்வதும் நாவில் வைத்துக்கொள்வதும் புற்றுமண்தான். மண்ணையே பிரசாதமாக வாங்குகிற ஊர்.

கல் காப்பாற்றியதைச் சொன்னேன். காப்பாற்றப்படாததையும் சொல்ல வேண்டும். அதற்குக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போக வேண்டும். நிட்சேப நதிக்கரையில் பால்வண்ணநாதர் கோயில். தென்காசிப் பாண்டியர் வழியில் வந்த வரதுங்கராமன் இந்தக் கோயிலோடு ஒன்றிய பெயர். அவனுக்குப் பிள்ளை இல்லை என்பதால் இறைவனே வந்து அவனுக்கு ஈமக்கடன் செய்தார் என்று தலவரலாறு சொல்லும். புலவர்களாக இருந்த அரசர்கள். அவர்கள் தொகுத்த ஏடுகள் கோயில் பொறுப்பில் இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் உ.வே. சாமிநாதையர் ஏடு தேடித் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தபோது, இந்தச் சேதி கேட்டு ஆவலோடு கரிவலத்துக்குப் போனார். ஏடுகள் எங்கே என்று விசாரித்தார். பழுதான பழைய ஏடுகளை என்ன செய்வதென்று தெரியாமல், ஆகமத்தில் சொல்லியிருக்கிறது என்று நெய்யில் தோய்த்து அக்கினியில் இட்டுவிட்டதாகப் பதில் வந்தது. ஐயர் இதை ‘என் சரித்திர’த்தில் பதிந்திருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்ட எனக்கு வெகுநேரம் ஆகும். எந்தெந்த நூல்கள் போயின என்பதற்குப் பட்டியல்கூட இல்லை. எரித்தவர்கள் பகைவர்கள் இல்லை, தமிழ் தெரியாதவர்களும் இல்லை, பக்தியோடுதான் செய்தார்கள். அதுதான் நெஞ்சை அறுக்கிறது. வெளியிலிருந்து வந்த எந்தப் படையும் இந்த ஏடுகளைத் தொடவில்லை.

ஓலையும் போய், மண்ணும் விழுங்கிய பிறகு மிஞ்சுவது பேச்சு. ஊர்ப்பெயர், காட்டுப்பெயர், ஓடைப்பெயர், கண்மாய்ப்பெயர். வெம்பக்கோட்டை மேட்டைத் துறை தோண்டுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அதை மேட்டுக்காடு என்று சொல்லி, இது இயல்பான தரை இல்லை என்று அடையாளம் வைத்தவர்கள் அங்கே உழுதவர்கள். நம் ஒவ்வொரு ஊரிலும் புஞ்சைக்குப் புஞ்சை பெயர் உண்டு. பட்டாவில் சர்வே எண் இருக்கும், அந்தப் பெயர் இருக்காது.

இதற்கு என்ன செய்யலாம் என்று அயர்லாந்துக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். 1937 முதல் 1939 வரை நாட்டின் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் உட்கார். உங்கள் ஊர் வயல்களின் பெயர், பழைய கல்லறை, கிணற்றைப் பற்றிய கதை, மருந்து, விளையாட்டு, மழைக்குறி, எல்லாவற்றையும் கேட்டு நோட்டில் எழுதிவா. பதினொன்று முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் எழுதிய அந்த நோட்டுகள் பல லட்சம் பக்கங்களாக டப்ளினில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. எந்தக் கல்வெட்டும் சொல்லாததை அவை சொல்கின்றன. பஞ்சத்தையும் புலப்பெயர்வையும் கண்டு, தாய்மொழியே நழுவிப்போகும் நிலைக்கு வந்த ஒரு சிறு நாடு, பள்ளிப்பிள்ளைகளின் கையெழுத்தில் தன் நினைவைக் காப்பாற்றிக்கொண்டது. திருவேங்கடம் வட்டத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பள்ளிக்கு ஒரு நோட்டு, ஒரு கோடை விடுமுறை. அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம். இந்தத் தொடரைப் படிக்கும் ஆசிரியர்களிடம் இதை நான் வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

போன மாதம் திருவேங்கடம் பேருந்து நிலையத்தில், சங்கரன்கோவில் வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு மூதாட்டி, மடியில் உளுந்து மூட்டை. விளைச்சலைப் பற்றிப் பேச்சு வந்தது. எத்தனை ஏக்கர் என்று கேட்டேன்.

‘ரெண்டு துண்டு கெடக்கு தம்பி. ஒண்ணு கம்மாய்க்கரைக் காடு. இன்னொண்ணு செட்டிகாடு.’

‘செட்டிகாடுன்னு ஏன் ஆச்சி பேரு? செட்டியார் யார்கிட்டயாவது வாங்கினீங்களா?’

‘எங்க மாமனாருக்கு மாமனார் காலத்துலயே எங்க காடுதான் அது. எங்க ஊர்ல செட்டியாரே கெடையாது. அக்கம்பக்கத்து ஊர்லயும் கெடையாது.’

கொஞ்சம் யோசித்தார். வண்டி வந்துவிட்டது. மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன். படியில் கால் வைத்தபடியே திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

‘நீங்க கேட்ட பெறகுதான் தோணுது. யாரு வச்ச பேரோ, எப்ப வச்சதோ.’